வில்லோடு வந்த குழந்தை

மகளோடு பார்த்துக்கொண்டிருந்த டிவியில் படத்தின் பெயர் துள்ளிக்கொண்டு வந்தது. ஓரத்தில் இறக்கை முளைத்த குழந்தை ஒன்று வில்லை வளைத்தது. என் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

நான் சிறுமியாக இருந்தபோது, புருஷனை இழந்து எங்களோடு இருந்த அத்தையை, சாமி படத்துக்கு மட்டும்தான் ஆம்பூர் கொட்டகைக்கு அனுப்புவார் நைனா. ஒருநாள் அத்தையும் நானும் அப்படி நம்பித்தான் போயிருந்தோம். ஊமைப்படம். பூக்கொடி சுற்றிய எழுத்துகளுக்கு நடுவே அந்தக் குழந்தை வந்ததும், "கொழந்த ராமருடி!" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தோல் பதனிடும் ஷாப் ஆட்கள் விசிலடித்தார்கள். காதல் கூத்து என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்தான். சொன்னால் அத்தை எழுந்துவிடுவாள் என்று பேசாமல் இருந்தேன்.

காதலன் சாணிக்குழியில் விழுந்தபோது அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது சாமி படம் இல்லன்னு மொதல்லயே தெரியுமாடி ஒனக்கு?"

நான் தலைகுனிந்தேன்.

வீட்டில் நைனா, "இன்னா படம்?" என்றார்.

"ராமரு படம்ணா," என்ற அத்தை, சாமி விளக்கின் முன் போய் மறுபடி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் அவள் கொட்டகைப் பக்கமே வரவில்லை.

"இன்னாம்மா, கன்னத்துல போட்டுக்கற? சாமி படமா இது?" என்று டிவி முன்னால் இருந்த மகள் சிரித்தாள்.

"ஆமா. ராமரு படம்," என்றேன்.