அம்மா இருந்த பக்கத்துக் கதவு

பழைய கார்கள் சேர்க்கும் என் மகன், வாங்கப்போகும் காரின் கதவடியை விரல் முட்டியால் தட்டினான். அந்தச் சத்தம் என்னைத் திருகோணமலைக்கே இழுத்துப் போய்விட்டது.

துறைமுகத்து உப்புக்காற்றில் கறள், அதாவது துரு, காரைக் கீழிருந்துதான் தின்னும். தட்டி, சத்தத்தைக் கேட்டுத்தான் அங்கே விலை பேசுவார்கள். அம்மா செத்த மறுமாதம் அப்பா எங்கள் காரை விற்க நின்றார். வாங்க வந்த கிண்ணியா காசிம் அண்ணன், எங்களுக்குக் காசிம் காக்கா, மூன்று கதவுகளைத் தட்டிவிட்டு நாலாவதுக்குக் குனிந்தார். அதன் கண்ணாடியில் அம்மாவின் தலையெண்ணெய்க் கறை அப்படியே இருந்தது.

"அதைத் தட்டாதேங்கோ காக்கா. அவ இருக்கிற பக்கம்," என்றார் அப்பா.

காக்கா கையை எடுத்தார். "அப்ப அது நல்ல கதவு எண்டே வைப்பம்," என்று முழு விலை சொன்னார். கறள் கொட்டிக்கொண்டிருந்தது அந்தக் கதவில்தான்.

"இந்தக் கதவு கறள், அம்மா. குறைச்சுக் கேக்கட்டோ?" என்றான் மகன்.

"அந்தப் பக்கம் ஆர் இருந்தது எண்டு முதல்ல கேள், தம்பி," என்றேன்.