கேக்கம்மாவின் ஞாபகசக்தி

அந்த வட்டாரத்தில் எந்தப் பிள்ளைக்கு எப்போது பிறந்தநாள் என்று பெற்றவர்கள் தடுமாறலாம், கேக்கம்மா தடுமாற மாட்டாள். போனை எடுத்ததுமே ஆரம்பித்துவிடுவாள். "போன வருஷம் பச்சை டைனோசர் கேட்டு அடம் பிடிச்சானே, உங்க சின்னவன்! கடைசியில வாலை மட்டும் சாப்பிடாம வெச்சுட்டான்னு சொன்னீங்க. இந்த வருஷம் வாலில்லாமலே பண்ணிடலாமா?" எதிர்முனையில் தாய்க்காரி சிரித்துச் சிரித்தே ஆர்டர் கொடுத்துவிடுவாள். கேக்கின் ருசியைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் இருக்கலாம். மனிதர்களை அவள் ஞாபகம் வைத்துக்கொள்ளும் அழகுக்காகவே வந்தவர்கள்தான் பாதிப்பேர். அது அவளுக்கும் நன்றாகத் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வெளியூரில் இருக்கும் மகன் ஒரு இணையதளம் ஆரம்பித்துக் கொடுத்திருந்தான். கேக் படங்களைப் போட, ஆர்டர் வாங்க. ஆரம்பித்துக் கொடுத்ததோடு சரி. ஏதாவது சந்தேகம் கேட்டால், "அம்மா, முதல்ல கம்ப்யூட்டரை ஆன் பண்ணுங்க" என்பான். வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது என்று ஒவ்வொரு முறையும் அவள்தான் அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

கணவரிடம் கேட்கலாம் என்றால், அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர், மூக்குக்கு மேல் கோபம். கேட்டதை இன்னொரு முறை கேட்டால் கூரை பிய்ந்துவிடும். "ஒரு தடவை சொன்னா மண்டையில ஏறாதா?" என்பது அவர் வாயில் ஊறிப்போன வாக்கியம். கல்யாணமான புதிதில் அதைக் கேட்டு அழுதவள், பிறகு அவர் சொல்வதற்கு முன்பே அதே குரலில் தானே சொல்லிக் காட்டும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

அதனால் இணையதளத்தை வைத்திருக்கும் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு உதவியாளரே அவளுக்குத் துணை. போனில் எழுதிக் கேட்டால் உடனே பதில் வரும். முதல் நாளே அவள் சொல்லிவிட்டாள்: "தம்பி, எனக்குப் போன் மட்டும்தான். கண்ணும் மங்கல். ஒவ்வொண்ணா மெதுவாச் சொல்லணும்." ஒரு வாரம் கழித்து எழுதினால், "நீங்கள் போனில்தான் பார்ப்பீர்கள், ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்" என்று அதுவே ஆரம்பித்தது. கேக்கம்மாவுக்கு வாயெல்லாம் பல். "பெத்த பிள்ளைக்கு இல்லாத ஞாபகம் பாருங்க இவனுக்கு! என் ஜாதி!" என்று கணவரிடம் பெருமை அடித்துக்கொண்டாள். கணவர் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அன்று காலை ஒரு படகு கேக் செய்து முடித்திருந்தாள். பாய்மரம் சர்க்கரைத் தகடு, கீழே நீலக் கிரீம் அலை. அந்தப் படத்தை இணையதளத்தின் முகப்பில் போட வேண்டும். எப்படி என்று எழுதிக் கேட்டாள்.

பதில் வந்தது. "இதை முந்தாநாளும் நேற்றும் பார்த்தோம். இரண்டு முறையும் பழைய படத்தை நீக்கும் இடத்தில் சிக்கல் வந்தது. இம்முறை அங்கிருந்தே தொடங்கலாமா?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் கேக்கவே இல்ல. ஆள் மாறிப் பேசறே தம்பி" என்று எழுதினாள். அது மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பழைய உரையாடலை மேலே தள்ளிப் பார்க்கலாம் என்றது. பார்த்தாள்.

நேற்று. 'முகப்புல படகு கேக் படம் எப்படிப் போடறது தம்பி?' முந்தாநாள். 'முகப்புல படகு கேக் படம் எப்படிப் போடறது தம்பி?' இரண்டின் முடிவிலும், ரொம்ப நன்றி தம்பி, நல்லா இருப்பே. அவளைத் தவிர இந்த உலகத்தில் வேறு யாரும் ஒரு இயந்திரத்தை நல்லா இருப்பே என்று வாழ்த்தப் போவதில்லை. அப்படியானால் இன்று காலை செய்து முடித்ததாக அவள் நினைத்த படகு?

எழுந்துபோய்க் கேக் பெட்டியைத் திறந்தாள். பாய்மரம் வியர்த்துச் சரிந்திருந்தது. நீலக் கிரீமின் ஓரங்கள் காய்ந்து வெடித்திருந்தன. யாருக்காகச் செய்தது? எந்தப் பிள்ளை? எவ்வளவு யோசித்தும் ஒரு முகம் வரவில்லை.

விஷயம் வெளியே தெரிந்தால் என்ன நடக்கும் என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மகன் வருவான், டாக்டர் வருவார், முதல் வேலையாகக் கேக் அடுப்பை அணைத்துப் பூட்டுவார்கள். கேக் இல்லாவிட்டால் அவள் யார்? எந்தத் தாய்க்காரி போன் செய்வாள்? போனை எடுத்து உதவியாளருக்கு எழுதினாள்.

"தம்பி, இனிமே நான் எதையாவது மறுபடி கேட்டா, முன்னாடியே கேட்டீங்கன்னு சொல்லாதே. புதுசாக் கேட்ட மாதிரியே பதில் சொல்லு. இதை ஞாபகம் வெச்சுக்குவியா?"

"நிச்சயமாக. நினைவில் வைத்துக்கொள்கிறேன்."

கொஞ்சம் மூச்சு வந்தது. இனி இது தனக்கும் இவனுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், பாத்திரத் தொட்டி அருகே கணவர் கேக் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பட்டப்பகல், வேலை நாள்.

"என்னங்க, இன்னைக்கு வேலைக்குப் போகலையா?"

"இல்லம்மா. கொஞ்ச நாள் லீவு போட்டிருக்கேன். உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மேனேஜர்கிட்டயும் சண்டை இல்ல. சும்மா உன்கூட இருக்கலாம்னுதான்."

உடம்பு சரியில்லையா என்று அவள் இன்னும் கேட்கவில்லை. மேனேஜரோடு சண்டையா என்றும் கேட்கவில்லை. கேட்க வாய் திறக்கத்தான் இருந்தாள். அந்தக் குரலில் எரிச்சலின் நிழல்கூட இல்லை. இத்தனை வருஷத்தில் அவளை அவர் அம்மா என்று அழைத்ததும் இல்லை.

"இதை நான் முன்னாடியே கேட்டேனா?"

அவர் திரும்பவில்லை. தேய்த்த தட்டையே மறுபடி தேய்த்தார். "இல்லையே. இப்பதானே கேக்குறே."

இயந்திரத்துக்கு அவள் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. இந்தக் கோபக்கார மனுஷனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எத்தனை நாளாக இப்படிக் கோபத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறார்? ஓடிப்போய் அந்த ஈரக் கையைப் பிடித்துக் கதற வேண்டும் போலிருந்தது. கதறினால் அவர் பட்ட பாடு அத்தனையும் வீணாகிவிடும்.

"அப்படியா! லீவா?" என்றாள் கேக்கம்மா, முதல் தடவையாகக் கேள்விப்படுகிறவளைப் போல. "சொல்லவே இல்லையே நீங்க."