பழிவாங்க இரண்டு மொழி

கொரிய மொழியையும் அக்கான் மொழியையும் ஒப்பிட்டுப் பேச எழுந்த டைம்கீப்பர் இந்தப் பூமியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இரண்டிலும் சேர்த்து எனக்கு நாற்பது வார்த்தை தெரியாது. அந்த நாற்பதில் பாதியின் லட்சணம் என்ன என்பதும் முந்நூறு பேருக்கு முன்னால் நின்ற பிறகுதான் தெரிந்தது. இவ்வளவு கூத்தும் ஒரே ஒரு மனிதரைப் பழிவாங்க.

அவர் நான் வேலை பார்த்த கோரமண்டல் தங்கச் சுரங்கத்தின் துபாசி, நாங்கள் பேசுவதைத் துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்பவர். மெட்ராஸ்காரர், படித்தவர். அந்த நாளில் அவரை 'அவர்' என்று எழுதவே எனக்குக் கை வந்திருக்காது. இப்போது வயதாகிவிட்டது, போகட்டும்.

ஒரு நாள் காலை ஷிப்டு இறங்கும் நேரத்தில் என் மச்சான், அதாவது என் பெண்டாட்டியின் அண்ணன், துரைக்கு முன்னால் போய் நின்றான். "தொர, மார்ல ஒரே நோவு. இருமி இருமி சாவுறேன். ஒரு மாசம் கீழ எறக்காம மேல வேல குடு."

துரை துபாசியைப் பார்த்து, என்ன சொல்கிறான் என்று கேட்டார். துபாசி முதலில் இங்கிலீஷில் பதில் சொன்னார். பிறகு, எங்களுக்கும் விளங்கட்டுமே என்று தமிழிலும் சொன்னார்: "இதெல்லாம் ஒரு மொழியா துரை? தகர டப்பா உருள்ற சத்தம்."

ஷிப்டே சிரித்தது. மச்சான் இருமிக்கொண்டே கேஜ் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் போனான். நானும் சிரித்தேன். அதுதான் விஷயம்.

செய்தி எனக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. "எங்கண்ணன் பேசினா டப்பாவா? அப்போ உங்கூடப் பேசுற நான் இன்னா, ஓட்டச் சட்டியா? நீயும் பல்லக் காட்டினியாமே!" என்றாள் என் பெண்டாட்டி. "அந்தாளு வாயாலயே, நாலு பேரு முன்னால, இதுவும் மொழிதான்னு சொல்ல வையி. அப்புறமா வந்து மொகத்தக் காட்டு."

முதலில் அவருடைய மூக்குப்பொடி டப்பியில் மிளகாய்த்தூள் கலக்கலாமா என்று யோசித்தேன். குடைக்குள் கட்டெறும்பு விடவும் யோசித்தேன். எதைச் செய்தாலும் தும்முவாரே தவிர, 'மொழிதான்' என்று சொல்லமாட்டார். மொழியில் கொழுத்தவரை மொழியால்தான் அடிக்க வேண்டும்.

அதற்கும் வழி கிடைத்தது. மச்சான் கெஞ்சிய அந்தத் துரை முன்பு கொரியா தேசத்துத் தங்கச் சுரங்கத்தில் இருந்தவர். பக்கத்துப் பாலகாட் சுரங்கத்தில் இருந்த இன்னொரு துரை ஆப்பிரிக்காவின் தங்கக் கரையில் அக்கான் ஜனங்களோடு வேலை பார்த்தவர். மூன்று மாதம் இருவரையும் நிழல்போல் சுற்றினேன். கொரியா துரை, கேஜ் இறங்கும் குழியான ஷாப்டின் வாயில் நின்றபடி சொல்லிக் கொடுத்தார். பாலகாட் துரை, தனக்குச் சமைத்துப் போட்ட அம்மாளிடம் கற்றதைச் சொல்லிக் கொடுத்தார்.

படிக்கப் படிக்க வெறி ஏறியது. கொரியாக்காரனும் நம்மைப் போலவே 'நா சோறு துன்றேன்' என்ற வரிசையில்தான் பேசுகிறான். 'நா' என்பதுகூட அங்கே 'நா'தானாம்! அக்கான்காரன் 'நா துன்றேன் சோறு' என்பான். கொரியாவில் ஆளின் மரியாதையைப் பார்த்து வினையின் வால் மாறும். அக்கானில் ஒரே அசையை ஏற்றியும் இறக்கியும் சொன்னால் பொருள் மாறும். அக்கான் பிள்ளைக்குப் பிறந்த கிழமையே பெயர். சனிக்கிழமை ஆண் பிள்ளை என்றால் குவாமே. துபாசி எந்தக் கிழமையில் பிறந்தார் என்பது எனக்குத் தெரியாது. சனி என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் மாதாகோயிலை ஒட்டிய கூடத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல், 'பாஷைகளின் மேன்மை' பற்றித் துபாசி பேசினார். முன்வரிசையில் இரண்டு துரைகளும் இருந்தார்கள். அவர் முடித்ததும் எழுந்தேன்.

"ஐயா, கொரியா பாஷை தெரியுமா?"

"தெரியாது."

"அக்கான்?"

"தெரியாது. அதுக்கென்ன இப்ப?"

"எனக்குத் தெரியும்" என்று மேடை ஏறிவிட்டேன். அந்த முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்க்க மூன்று மாதமென்ன, மூன்று வருஷமும் படிக்கலாம்.

அக்கான் பாஷையில் 'வோ ஹோ தே சென்' என்று நலம் விசாரித்தேன். பாலகாட் துரை எழுந்து நின்று பதில் சொன்னார். கூடம் கைதட்டியது. அடுத்து, கொரியா பாஷையில் ஒரே 'வா'வை ஆளுக்கு ஒரு மரியாதையாகச் சொல்லலாம், அத்தனை நாகரிகமான பாஷை என்று அளந்துவிட்டு, முன்வரிசைப் பெரியவர்களைக் கும்பிட்டு எனக்குத் தெரிந்த கொரிய மொழி முழுவதையும் பணிவாகச் சொன்னேன். 'பல்லி பல்லி' என்றபோது சில பெண்கள் கூரையைப் பார்த்தார்கள்.

கொரியா துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி, தன் அரைகுறைத் தமிழில் கத்தினார். "ஏ மேன்! அது சலாம் இல்லே. அது கூலிக்கு சொல்றது. சீக்ரம், தூக்கு, போ! எனக்குப் பேச வரது அது மட்டும்தான்!"

கூடமே சிரிப்பில் இடிந்தது. துபாசியின் முகத்தில் மறுபடி ரத்தம் ஏறியது. நான் மேடைக்கு அடியில் புகுந்துகொள்ள இடம் தேடினேன்.

அப்போது பின்வரிசையிலிருந்து இருமலோடு ஒரு குரல் வந்தது. என் மச்சான். "அட, இதத்தான் நாங்க தெனமும் கேஜாண்ட கேக்குறோமே! அந்த ஊர்லயும் நோவுன்னு சொன்னா இந்தத் தொரைக்குக் காது கேக்காதா?"

சிரிப்பு சட்டென்று நின்றது. கொரியா துரை துபாசி பக்கம் திரும்பினார். அதே கேள்வி: "என்ன சொல்கிறான்?"

முந்நூறு தலைகளும் துபாசி பக்கம் திரும்பின. சற்று முன்புதான் இரண்டு தரம் 'தெரியாது' சொன்ன வாய். மூன்றாவது தரம், அதுவும் தினம் காதில் விழும் பேச்சுக்கு, எப்படிச் சொல்வது? மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொல்லி முடித்தார். துரையின் காது சிவந்தது.

நான் மேடையிலிருந்து குதித்தே விட்டேன். "ஐயா! டப்பா சத்தத்துக்கு அர்த்தம் சொன்னீங்களே, அப்போ நம்ம ஜனம் பேசுறதும் மொழிதானே? எல்லாரும் கேக்கச் சொல்லுங்க!"

துபாசி குடையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"மொழிதான்யா, உனக்குத்தான் எதுவும் பேச வரல."