நிமிர்த்திக் கொண்டுவந்த வண்டி

நான் சென்னையிலிருந்து திண்டுக்கல் வந்து சேர்ந்தபோது தம்பியின் பைக் வீட்டு வாசலில் நின்றது. ஹேண்டில்பாரில் சம்பங்கி மாலை. முன்சக்கரத்தின் அடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். தம்பி ஆஸ்பத்திரியில் இருந்தான், வலது காலில் தகடு வைத்து.

"பாத்தியா மாப்ள? அடிபட்ட வண்டின்னு எவனாச்சும் சொல்லுவானா?" என்றார் மச்சான். அக்காவின் கணவர், பூக்கடை வைத்திருப்பவர். ஹேண்டிலை இரண்டு கைகளாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினார். "கோணிக்கிட்டு வீட்டுல நிக்கக் கூடாது. ஆளுக்கு ஆகாது. அதான் தூக்கிட்டுப் போயி நிமித்தி, பழம் வச்சு ஏத்திக் கொண்டாந்தேன்."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். அடிபட்ட வண்டியை அப்படியே வீட்டுக்குள் விட மாட்டார்கள். அன்று நானும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

விபத்து வடமதுரை ரோட்டில். தம்பி பார்சல் கொடுக்கும் வேலையில் இருந்தான். சர்வீஸ் ரோட்டில் தன் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தவனை, கல்யாண மண்டபத்துக்குள் நுழைய அவசரமாகத் திரும்பிய கார் வலது பக்கமிருந்து இடித்தது. கார்க்காரர் கல்யாண வீட்டுக்காரர். ஓடிவந்து தூக்கியவர்களும் அவருடைய சொந்தக்காரர்களே. "நல்ல காரியம் நடக்குது, கேஸ் கீஸ்னு போகாதீங்க, எல்லாத்தையும் நாங்க பாத்துக்கிறோம்" என்று மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மச்சானும் சரி என்றார். அந்த மண்டபத்து மேடை அலங்காரத்துக்குப் பூ அவர் கடையிலிருந்துதான் போயிருந்தது.

மறுவீடு எல்லாம் முடிந்த பிறகு கார்க்காரர் போனை எடுக்கவில்லை. வேறு ஆள் மூலமாகச் செய்தி வந்தது. எதிர்ப்பக்கமாக வந்து காரில் நேராக மோதியவன் தம்பிதானாம். பையனாயிற்றே என்று விட்டுவைத்திருக்கிறார்களாம்.

தம்பி இதைக் கேட்டுக் கத்தவில்லை. "அண்ணே, நான் என் பக்கந்தான் வந்தேன். அதை மட்டும் எழுதி வாங்கிக் குடு" என்றான். தப்பு அவன் மேல் என்றால் திரும்ப வேலைக்கு எடுக்க மாட்டோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

ஸ்டேஷனில் புகார் கொடுத்தோம். வண்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள். ரைட்டர் அதை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"என்ன சார், ஆக்சிடென்ட் வண்டின்னீங்க? ஷோரூம்ல இருந்து எடுத்த மாதிரில்ல நிக்குது!"

பக்கத்தில் நின்றவர் சிரித்தார். மச்சானும் பழக்கத்தில் சேர்ந்து சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

போட்டோ இருக்கிறதா என்று எல்லோரிடமும் கேட்டேன். எல்லோருடைய போனிலும் படங்கள் இருந்தன. கட்டுப் போட்ட கால், எக்ஸ்ரே, ஆப்பிள் பையோடு வந்த உறவினர்கள், தூங்கும் தம்பி. வண்டியின் படம் ஒன்றே ஒன்று, மச்சான் எடுத்தது. மாலை போட்ட பிறகு.

வண்டியை நிமிர்த்திய பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் வாய் ஓயாத மனிதர். தன் வேலையைப் பற்றிப் பேச ஆள் கிடைத்ததில் அவருக்கு மகிழ்ச்சி.

"டயரை முழங்கால்ல கவ்விக்கிட்டு ஹேண்டிலைத் திருப்புனா நேராயிரும்னாரு உங்க மச்சான். அது லேசா விழுந்த வண்டிக்கு சார். இது முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ரெண்டு ஃபோர்க் குழாயும் இடது பக்கமா வளைஞ்சு கெடந்துச்சு. கழட்டி, பிரஸ்ல வச்சு அமுக்கி, கோணல் இருக்கான்னு கண்ணாடி மேல உருட்டி உருட்டிப் பாத்தேன். இப்ப பின் டயர்ல இருந்து முன் டயருக்கு நூல் பிடிச்சுப் பாருங்க. பிசகுச்சுன்னா என்னைக் கேளுங்க."

"நேரா மோதியிருந்தா எப்படி வளையும்?"

"நேரா மோதுனா சக்கரம் பின்னாடி போயி எஞ்சினை முட்டும். இது வலது பக்கம் வாங்குன அடி. இதுல என்ன சார் சந்தேகம்?"

"இதை ஸ்டேஷன்ல வந்து சொல்லுவீங்களா?"

அவர் வேஸ்ட் துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"ஸ்டேஷன் வண்டி பூராம் நம்மகிட்டதான் வருது" என்றார். பிறகு, "டீ சாப்பிடுறீங்களா?"

வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி வந்தார். பிரேக் பிடித்துப் பார்த்தார், ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தார், ஓட்டியும் பார்த்தார். வண்டியில் எந்தக் குறையும் இல்லை, விபத்துக்கு வண்டி காரணமில்லை என்று எழுதிக் கொடுத்தார். வண்டி காரணமில்லை என்றால் ஓட்டியவன்தான் காரணம் என்று ஸ்டேஷனில் முடிவு கட்டினார்கள். மண்டபத்து ஆட்கள் அத்தனை பேரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருந்தார்கள். காரின் அடிபட்ட பக்கமும் அதற்குள் தட்டி, பெயின்ட் அடித்து, பளபளவென்று வந்துவிட்டது. கேஸ் தம்பியின் பேரில் பதிவானது. பேப்பரில் நான்கு வரி: கார் மீது பைக் மோதி வாலிபர் காயம். அந்த வரிகளில் ஒரு சொல்லைக்கூட நான் திருத்தியிருக்க மாட்டேன். நான் பத்திரிகையில் செய்தி மேஜையில் இருந்த காலத்தில் இப்படித்தான் எழுதினோம், ஸ்டேஷனில் சொன்னபடி.

கம்பெனியிலிருந்து அதன்பின் யாரும் பேசவில்லை.

மச்சானிடம் அக்காதான் சண்டை போட்டாள். "கல்யாண வீட்டு ஆர்டருக்குப் பல்லக் காட்டுனீரு, இப்ப எம் தம்பி படுத்துக் கெடக்கான்." எலுமிச்சம்பழம் வைத்த தன் கைமேல் மச்சானுக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது. "கால் கூடிருச்சுல்ல?" என்று மட்டும் என்னிடம் தனியாகக் கேட்டார்.

கால் கூடியது, கொஞ்சம் கட்டையாக. பைக்கை இப்போது மச்சான்தான் ஓட்டுகிறார். விடிகாலையில் நிலக்கோட்டைக்குப் போய்ப் பூ எடுத்து வருகிறார். சென்ற முறை நான் ஊருக்குப் போயிருந்தபோது, பின்சீட்டில் மல்லிகை மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். தம்பி கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்டான்.

"மச்சான், வண்டி எந்தப் பக்கமாச்சும் இழுக்குதா?"

"சேச்சே. கையை விட்டாலும் நேராத்தான் மாப்ள போகுது."

"அப்ப நல்லாத்தான் நிமித்தியிருக்கான்" என்றான் தம்பி.