கழுவித் திருப்பிக் குடுத்த நாலு கிளாஸ்

அன்னாசி சிரப் விரல்ல பட்டா லேசுல போகாது. பிசுபிசுன்னு ஒட்டிக்கும்... அதுக்கு மேல கடல் காத்தும் அடிச்சா கேக்கவே வேணாம். கப்பல்ல வேலை பாத்த ஒன்றரை வருஷமும் என் ரெண்டு கையும் அப்படித்தான் இருந்துச்சு.

"கப்பல் பார்ல வேலையா, செம ஜாலிடா"ன்னு இப்பவும் கேக்குறீங்க. ஜாலிதான், இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு விஷயத்தை மட்டும் யார்கிட்டயும் சொன்னதில்ல.

செஞ்சியிலேர்ந்து கேட்டரிங் படிச்சுட்டுப் போனவன் நான். சிங்கப்பூர்லேர்ந்து கிளம்புற கப்பல். மேல்தளத்துல நீச்சல்குளம், அதை ஒட்டி எங்க பார். அங்க கப்பல் ஞாபகமா வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுக்குன்னு ஒரு கிளாஸ் இருக்கும்... உயரமா, நீல கலர்ல, கப்பல் படம் போட்டு, மூடி, வளைஞ்ச ஸ்ட்ரா எல்லாம் வச்சு. ஜூஸ் விலை மெனு கார்டுல பெருசா இருக்கும். கிளாஸுக்குத் தனி விலை. அது கார்டோட அடியில, எறும்பு சைஸ் எழுத்துல.

எங்களுக்கு ட்ரெய்னிங்கே அதுலதான். "வாங்கிக்கிறீங்களா"ன்னு கேக்கக் கூடாது. கிளாஸைக் கையில எடுத்துக்கிட்டே, சிரிச்சுக்கிட்டே, "சுவனிர் கிளாஸ் ஓகே மேடம்?"னு வேகமா விடணும். முக்காவாசிப் பேர் தலையாட்டிடுவாங்க. காசு கையில வாங்குறதில்ல. ரூம் கார்டைத் தேய்ச்சு, சீட்டுல ஒரு கையெழுத்து. கடைசி நாள் காலையில கதவுக்கு அடியில பில் வரும்போதுதான் விஷயமே தெரியும்.

எங்க ரூம்ல ஒரு போர்டு இருந்துச்சு. யார் எத்தனை கிளாஸ் தள்ளுனாங்கன்னு தினமும் எழுதுவாங்க. மேல இருக்குற மூணு பேருக்குத்தான் அடுத்த காண்ட்ராக்ட். நான் நாலாவது.

அந்த நேரத்துலதான் அந்தம்மா வந்தாங்க.

சாயங்காலம் அஞ்சு மணி. நூல் புடவை, காலுல ஸ்போர்ட்ஸ் ஷூ. "ஐஸ் நோ, ஐஸ் நோ"ன்னு என் பக்கத்துல நின்ன பார் பையன்கிட்ட போராடிக்கிட்டு இருந்தாங்க. "என்ன ஜூஸ்ம்மா வேணும்?"னு நான் கேட்டதும் மூஞ்சி அப்படியே மலர்ந்துடுச்சு.

"தமிழா நைனா நீ? எந்த ஊரு?"

"செஞ்சிம்மா."

"அட, நாங்க மேல்சித்தாமூர்டா!"

செஞ்சிக்குப் பக்கத்து ஊரு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, நிஜமா. அவங்க பொண்ணுக்கு சிங்கப்பூர்ல வேலை, அதுதான் டிக்கெட் போட்டுக் குடுத்திருக்குது. வீட்டுக்காரர் கப்பல் ஆட்டத்துல வாந்தி எடுத்துட்டு ரூம்லயே படுத்துட்டாராம். இவங்க ஜைனம், இருட்டினா எதுவும் சாப்பிட மாட்டாங்க. அதான் பொழுது சாயறதுக்குள்ள ஒரு ஜூஸ் குடிச்சுடலாம்னு மேல வந்தாங்களாம். செஞ்சி பஸ் ஸ்டாண்டு, அவலூர்பேட்டை ரோடு, ஒண்ணு விடாம பேசினோம். மாம்பழ ஜூஸ் போட்டுக்கிட்டே கேட்டேன்.

"சுவனிர் கிளாஸ் ஓகே மேடம்?"

அதுவரைக்கும் எல்லாமே தமிழ். அதை மட்டும் இங்கிலீஷ்ல கேட்டேன்.

நான் என்ன கேட்டாலும் நல்லதுக்குத்தான்னு நினைச்சுட்டாங்க போல... தலையாட்டினாங்க. சீட்டுல தமிழ்ல அழகா கையெழுத்துப் போட்டாங்க.

மறுநாள் அதே அஞ்சு மணி. கிளாஸைப் பளபளன்னு கழுவிக் கொண்டாந்து கவுண்டர்ல வச்சாங்க. உள்ள டிஷ்யூ பேப்பர்ல சுத்தி ரெண்டு பொரிவிளங்கா உருண்டை.

"இந்தா நைனா, உங்க கிளாஸு. வெறுசா குடுக்கக் கூடாதில்ல... வீட்ல புடிச்சது, சாப்புடு."

பக்கத்து வீட்டுல குழம்பு வாங்கினா கிண்ணத்தை வெறுமனே திருப்ப மாட்டோமே, அந்தப் பழக்கம். அப்பவே "அம்மா, இது உங்களுது, காசு போட்டாச்சு"ன்னு சொல்லியிருக்கணும். இல்ல, அதே கிளாஸ்லயாவது ஊத்திக் குடுத்திருக்கணும். செய்யல. அதை வாங்கிக் கவுண்டருக்கு அடியில வச்சுட்டு, புதுசு எடுத்து, அதே இங்கிலீஷ் கேள்வியைக் கேட்டேன். உருண்டையையும் தின்னேன்.

மூணாவது நாளும் அப்படித்தான். நாலாவது நாளும். போர்டுல என் பேரு ரெண்டாவது இடத்துக்கு வந்துடுச்சு.

இறங்குற அன்னிக்குக் காலையில வந்தாங்க. ஒரு கையில பில்லு, இன்னொரு கையில கழுவின நாலாவது கிளாஸ்.

"நைனா, நாலு கிளாஸ்னு போட்டுக்கீறானுங்க பாரு. நான்தான் எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டனே. நீதான் பாத்த ஆளு. கீழ ஆபீசுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லேன்."

என்னை சாட்சிக்குக் கூப்புடுறாங்க... என்னை.

வாயில வந்தது என்ன தெரியுமா? "நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்கம்மா." அதைத்தான் சொன்னேன். அடியில இருந்த மூணு கிளாஸையும் எடுத்து ஒரு பையில போட்டு நீட்டினேன். "இது உங்களுதுதாம்மா."

பையைப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. புரிஞ்சுடுச்சு. திட்டல, சத்தம் போடல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க.

"அத்த மட்டும் ஏன் நைனா இங்கிலீசுல கேட்ட?"



நாலாவது கிளாஸுக்குள்ள அன்னிக்கும் உருண்டை இருந்துச்சு. அதை எடுத்து கவுண்டர் மேல வச்சுட்டு, கிளாஸைப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க.

அடுத்த காண்ட்ராக்ட் கிடைச்சுது. ஆறு மாசத்துக்கு மேல முடியல, வந்துட்டேன்.

இப்ப செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சின்னதா ஜூஸ் கடை. பார்சல்னா டப்பாவுக்குத் தனி காசு. அதைப் பெருசா எழுதியும் வச்சிருக்கேன், பழத்தை வெட்டுறதுக்கு முன்னாடி வாயாலயும் சொல்லிடுறேன். "இன்னாண்ணே, படிக்கத் தெரியாதா எங்களுக்கு?"ன்னு காலேஜ் பசங்க ஓட்டுவானுங்க. ஓட்டட்டும்.

மேல்சித்தாமூர் போற பஸ்ஸைப் பாக்கும்போதெல்லாம் ஏறணும்னு தோணும். போய் என்ன சொல்றதுன்னு தெரியாம இன்னும் ஏறல.

பக்கத்து ஆபீசுக்கெல்லாம் கண்ணாடி கிளாஸ்லதான் ஜூஸ் அனுப்புறேன். சாயங்காலம் எல்லாம் திரும்பி வந்துடும், வெறுசா... வேற எப்படி வரும்? இருந்தாலும் கழுவப் போடுறதுக்கு முன்னாடி உள்ள ஒரு தடவை பாத்துடுறேன்.