வள்ளம் இல்லாத கடற்கரை

இத்தாலியில், பலெர்மோவில் ஓகஸ்ட் பிறந்தால் சிஞ்ஞோராக்கள் என்கிற வீட்டுக்கார அம்மாக்கள் எல்லாரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கடலுக்கோ மலைக்கோ போய்விடுவார்கள். அவர்கள் வீட்டு நிலம் துடைக்கிற எங்களுக்கும் அப்போதுதான் லீவு. அந்த வருஷம் நாங்களும் ஒருநாள் கடலுக்குப் போவது என்று என் கணவர் முடிவெடுத்தார். எந்தக் கடற்கரை என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

பலெர்மோவின் பழைய பகுதியான அல்பெர்கேரியாவில் எங்களுக்கு ஒரே அறை. அதில் நான், கணவர், நடுவில் கட்டிய திரைக்கு அந்தப் பக்கம் என் தம்பியின் மனைவி. நான் அவளை மச்சாள் என்பேன், அவளும் என்னை மச்சாள் என்பாள். தம்பி யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு கடல்நீரேரியைக் கடக்க வள்ளம் ஏறினவன். வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை, உடலும் கரை சேரவில்லை. சில வருஷங்கள் பார்த்துவிட்டு மச்சாளை இங்கே எங்களிடம் கூப்பிட்டுக்கொண்டோம். தாலியும் பொட்டுமாகத்தான் வந்து இறங்கினாள். யாரும் அவளை ஒரு சொல் கேட்கவில்லை.

எனக்குத்தான் வாய் சும்மா கிடக்காதே. ஒருநாள் சொல்லிவிட்டேன்: "தம்பி என்ரை கனவிலை வாறான். சாரத்திலை தண்ணி சொட்டச் சொட்ட வாசல்லை நிண்டு, 'அக்கா, சோறு இருக்கோ' எண்டு கேக்கிறான்."

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "செத்திருந்தால் முதல் கட்டினவளிட்டையெல்லோ வந்திருப்பார். என்ரை கனவிலை அவர் ஒருநாளும் வரேல்லை மச்சாள்" என்றாள்.

எனக்குக் கனவு நிற்கவில்லை. விடிய எழும்பினதும் வாசல் நிலத்தைக் கையால் தடவிப் பார்ப்பேன். ஈரம் இராது. ஆனாலும் தடவாமல் கோப்பி போட மனம் வராது.

ஆடி அமாவாசை அந்த லீவுக்குள் வந்தது. செத்தவர்களுக்கு விரதமிருந்து காகத்துக்குச் சோறு வைக்கிற நாள். கடலோடு போனவனுக்குக் கடற்கரையில் ஒரு பிடி சோறு வைத்தால் பசி அடங்கி என் வாசலை விட்டுப் போவான் என்று நினைத்தேன். மச்சாளிடம் மூச்சு விடவில்லை. அந்தச் சோற்றை வைத்தால் அவள் தாலி அறுத்தவள் என்று ஆகிவிடுமே.

கணவர் முதலில் மொண்டெல்லோ என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். கால் வைக்க இடமில்லை. அந்தச் சனம் கறுக்க வேண்டும் என்று வெயிலில் கிடக்கிறது, நாங்கள் கறுத்துவிடுவோம் என்று குடை பிடித்துக்கொண்டு நிற்கிறோம். இந்த நெரிசலில் எந்தக் காகம் இறங்கும்? எனக்குப் பிடிக்கவில்லை. "இஞ்சை வள்ளம் நிக்குது" என்றாள் மச்சாள். அவளுக்கும் வேண்டாம்.

அடுத்தது செஃபாலு. அழகான ஊர்தான். கரையில் இழுத்து விட்டிருந்த வள்ளங்களைக் கண்டதும் மச்சாள் எங்களை விட்டுவிட்டு நடந்தாள். ஒவ்வொன்றுக்கும் கிட்டப் போய், விளிம்பைப் பிடித்து, உள்ளே எட்டிப் பார்த்தாள். கடைசி வள்ளத்தையும் பார்த்துவிட்டு வந்து, "வீட்டை போவம்" என்றாள்.

கணவருக்குப் பொறுமை போய்விட்டது. "உமக்குச் சனம் ஆகாது, அவவுக்கு வள்ளம் ஆகாது. வாளியிலை உப்பைக் கரைச்சுத் தாறன், ரெண்டு பேரும் மாறி மாறிக் காலை வையுங்கோ" என்றார்.

பிறகு அவரோடு வேலை செய்கிற ஒருவர் ஓர் இடம் சொன்னார். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ஸ்டேஷனில் மெதுவான ரயில் ஏறி, தெர்மினி என்கிற ஊருக்கு முன்னால் ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்க வேண்டும். மணல் இல்லை, வெறும் கல்லு. அதனால் சனமும் இல்லை, வள்ளமும் இல்லை. நானும் மச்சாளும் ஒரே நேரத்தில் "ஓம்" என்றோம். கணவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

அமாவாசை அன்று சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி சமைத்தேன். "வெயிலுக்கு மீன் பழுதாப்போம்" என்று சமாளித்தேன். மச்சாள் தானும் ஒரு பார்சல் கட்டினாள்.

கணவர் போனதும் போகாததுமாகத் தண்ணீரில் இறங்கிவிட்டார். நான் ஒரு பாறைக்குப் பின்னால் போய், வாழையிலைக்குப் பதிலாக அலுமினியத் தாளை விரித்து, சோற்றை வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டேன். ஒரு காகம் வந்தது. சாம்பல் உடம்பு, கறுத்த தலை, ஊர்க் காகத்துக்குத் தமையன் மாதிரி. கிட்ட நடந்து வந்து சோற்றைப் பார்த்தது. தொடவில்லை. தலையைச் சரித்து என்னைப் பார்த்தது.

"தின்னடா" என்றேன், தம்பியை அதட்டுகிற அதே குரலில்.

பின்னால் கல்லு நொறுங்குகிற சத்தம். மச்சாள் நின்றாள். "இண்டைக்கு என்ன நாளெண்டு எனக்கும் தெரியும்" என்று பார்சலை அவிழ்த்தாள். உள்ளே பொரித்த மீன். "புருஷன் உயிரோடை இருக்கிறவளுக்கு விரதமில்லை."

உட்கார்ந்தாள். தாளை மடியில் இழுத்து, மீனைப் பிய்த்துப் போட்டுப் பிசைந்து, தம்பிக்கு வைத்த சோற்றைத் தின்னத் தொடங்கினாள்.

"ஐயோ மச்சாள், அது வைச்ச சோறு" என்று பதறினேன். அவள் ஒரு பருக்கை விடவில்லை. காகம் போகாமல் பார்த்துக்கொண்டே நின்றது.

கையைக் கடலில் கழுவிவிட்டு வந்து சொன்னாள்: "அவரைக் கூப்பிடுறதெண்டால் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. காகத்தை ஏன் கூப்பிடுறியள்? கூப்பிடுங்கோ பாப்பம்."

கடல் வெறிச்சென்று கிடந்தது. நான் வாயைத் திறந்தேன். தம்பியின் பேர் தொண்டை வரை வந்தது. செத்தவன் என்றால் கூப்பிட்டால் என்ன? ஆனால் பயந்துபோனேன். தண்ணி சொட்டச் சொட்ட ஏறி வந்து சோறு எங்கே என்று கேட்டால் நான் எதைக் காட்டுவேன்? வாயை மூடிக்கொண்டேன். அவள் சிரித்தாள். வென்றுவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

மறுநாள் விடிய எழும்பி வாசலைத் தடவப் போனேன். திரைக்கு அந்தப் பக்கம் மச்சாள் கட்டிலில் எழும்பி இருந்தாள். பொட்டு அழிந்து கிடந்தது. முகமெல்லாம் கண்ணீர்.

"ராத்திரி என்ரை கனவிலை வந்தவர், மச்சாள்" என்றாள். "சோறு கேட்டவர். முடிஞ்சுதெண்டு சொன்னன்."