எலுமிச்சம்பழ வீட்டின் ஸ்தல புராணம்

எங்கள் பக்கத்து வீட்டு ஜம்புநாதன், மனைவி போனபின் அமெரிக்காவில் இந்த டப்ளினுக்கு மகன் க்ரிஷ்ஷோடு இருக்க வந்தவர். எழுபத்திரண்டு வயது. அந்த வீட்டில் அவரிடம் ஒரு நாளில் பேசப்படுவது இரண்டே வாக்கியம்: "சாப்ட்டாச்சா?", "கராஜ் கதவ மூடினீங்களா?"

அடுத்த ஊரில், மௌனப்பட நடிகர்கள் வாழ்ந்த பழைய தெரு ஒன்று உண்டு. சனிக்கிழமைகளில் அதைச் சுற்றிக்காட்ட வரலாற்றுச் சங்கம் ஆள் தேடியது. சம்பளமில்லாத வேலை. ஓடிப்போய்ச் சேர்ந்தார். முப்பது வருடம் சார்பதிவாளராக இருந்தவராயிற்றே, எந்த வீடு எந்த ஆண்டு யாருக்குக் கைமாறியது என்று பிசகில்லாமல் சொன்னார். வந்த நாலு பேரும் கொட்டாவி விட்டார்கள். மூன்றாவது வாரம் வந்தவர் ஒருவர்தான், அவரும் பாதியில் கழன்றுகொண்டார்.

அப்புறம்தான் மனுஷன் அந்தக் காரியத்தைச் செய்தார். பதினாலாம் எண் வீட்டு வாசலில் ஓர் எலுமிச்சை மரம். அதைப் பார்த்ததும் நம் ஊர் வழக்கத்தில் ஒரு ஸ்தல புராணத்தை எடுத்துவிட்டார். காதலனுக்காகக் காத்திருந்தே செத்துப்போன நடிகை. அவள் ஆவி சாந்தமாக இருக்க, வருகிறவர்கள் வாசலில் எலுமிச்சம்பழம் வைக்கவேண்டும். ஒருவர்கூட நகரவில்லை. "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். அவரிடம் யாரும் அப்படிக் கேட்டு எத்தனை வருடம்! அடுத்த மாதம் நாற்பது பேர் வந்தார்கள், கையில் பழத்தோடு.

வாசலில் குவிந்த பழங்களைப் பார்த்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தார். சங்கத்தில் வேலை பார்க்கும் அனன்யா கூப்பிட்டுக் கேட்டாள்.

"அங்கிள், இந்த லெமன் ஸ்டோரிக்கு ரெக்கார்ட் எதாவது இருக்கா?"

இருக்கிறது என்று சொன்னால் சனிக்கிழமை பிழைக்கும். ஆனால் ஒரு போலிப் பத்திரத்தைக்கூடப் பதியாதவர்.

"இல்லம்மா. நானே கட்டிவிட்டது."

அனன்யா சிரித்துவிட்டாள். "பரவால்ல அங்கிள், எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. லெஜெண்ட்னு சொல்லி ஆடியோ டூர்ல சேத்துடறோம். பழம் வைக்காதீங்கன்னு ஒரு லைன் போட்டுக்கலாம். அவங்கவங்க ஃபோன்லயே கேட்டுப்பாங்க, கூட்டம் சேராது. நீங்களும் ரெஸ்ட் எடுங்க."

அவர் வந்து இதைச் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் தேங்க்ஸ் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்!

ஆடியோ டூர் தொடங்கிய சனிக்கிழமை, நான்தான் டிரைவ் பண்ணி அழைத்துப்போனேன். அந்த வீட்டெதிரே ஒரு தம்பதி காதில் இயர்போனோடு நின்றிருந்தார்கள். இவர் ஆசையாகக் கிட்டே போய், அந்தக் கதையைப் பற்றி ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பெண் கோபப்படவில்லை. புன்னகைத்தபடி உதட்டில் விரல் வைத்து, கொஞ்சம் பொறுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று ஜாடை காட்டினாள்.

இவர் தலையாட்டிவிட்டு, அவள் கேட்டு முடிக்கும்வரை வாய்மூடி நின்றார்.